தாத்தா அச்சடித்த இரண்டு நோட்டீஸ்

மைமூன் அந்தக் காகிதத்தை உடனே என் கையில் தந்துவிடவில்லை. சாப்பாட்டு மேஜையில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல சாயா குடியுங்க அக்கா. பிறவு வாசிக்கலாம்" என்றார்.

குளச்சலில் அவருடைய வீடு. போன மாதம் ஒரு நாள் முற்பகல். ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்துகொண்டிருந்தது, கூடவே கருவாட்டு வாசனையும். மேஜையில் சாயாவும் ஒரு தட்டு நிறைய நேந்திரங்காய் சிப்ஸும். காகிதம் பாஸ்போர்ட் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மைமூனின் மகன்கள் இரண்டு பேரும் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்கள்.

"இந்த வீட்ல எது தொலைஞ்சாலும் பாஸ்போர்ட்டு தொலையாது. அதாக்கும் அதுக்க கூடயே வச்சிருக்கேன்."

நான் சாயாவைத் தொடாமல் காகிதத்தைப் பார்த்தேன். அவருடைய விரல்களின் ஓரத்தில் அச்செழுத்தில் ஒரு பெயரின் பாதி தெரிந்தது. '...கண்ட பிள்ளை' என்று. என் தாத்தாவின் பெயர்.

வயது அறுபத்தெட்டு. பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இந்த வயதில் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பெண்ணைப் போல நான் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் நான் பீற்றிக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

நானே இழுத்துவிட்டுக்கொண்டது

சில வாரங்களுக்கு முன் இதே தொடரில் என் அப்பாவைப் பெற்ற தாத்தா நீலகண்ட பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தாத்தாவுக்குத் தாழக்குடிப் பக்கம் வயல் இருந்தது. பிழைப்பு விவசாயம், பைத்தியம் நோட்டீஸ். நடவு முடிந்து இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் நாகர்கோவிலுக்குப் போய் ஏதாவது ஒரு அச்சுக்கூட வாசலில் நின்றுவிடுவாராம். நோட்டீஸ் என்றதும் கல்யாண நோட்டீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், தொட்டால் கையில் மை ஒட்டுகிற மட்டமான காகிதம். கீழே திருவிதாங்கூர் ராஜா, மேலே வெள்ளைக்காரன் என்று ஆட்சி நடந்த காலம்.

எதற்காக நோட்டீஸ்? மருமக்கள்வழியை ஒழிக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வேளாளக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. அக்கா தங்கை பிள்ளைகளுக்கு, அதாவது மருமக்களுக்குப் போகும். வீட்டை ஆளும் தாய்மாமனுக்குக் காரணவர் என்று பெயர். கட்டின மனைவிக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் அவர் மனமுவந்து ஏதாவது கொடுத்திருந்தால் உண்டு. அவர் கண்ணை மூடினால் மனைவி மக்கள் துணிமணியோடு படியிறங்க வேண்டியதுதான்.

இதை மாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டம். மாற்றினால் குடும்பம் சிதறிப்போகும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் கோட்டாறு சந்தையிலும் சுசீந்திரம் தேரோட்டத்திலும் நோட்டீஸாலேயே அடித்துக்கொண்டார்கள். ஒன்று வந்தால் அடுத்த வாரமே அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. பெயர் சொல்லித் திட்டுவது, குடும்பக் கதையைச் சந்திக்கு இழுப்பது எல்லாம் உண்டு. இன்றைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பதற்கு எந்த வகையிலும் குறைவில்லை.

வாசிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதால் தாத்தா சந்தையில் புளிமூட்டை மேல் ஏறி நின்று தானே வாசிப்பாராம். ஒரு தடவை யாரோ பின்னாலிருந்து சாணித் தண்ணீரை ஊற்ற, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாராம். இது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வருகிற கதை. எங்கள் குடும்பத்துக் கோபத்தை வைத்துப் பார்த்தால், இறங்கிப் போய் ஊற்றினவனை ஒரு கை பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் அடித்த நோட்டீஸ்களில் ஒன்றே ஒன்று எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது. பூஜை அறை அலமாரியில், திருநீற்று டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். மனைவிக்கும் மக்களுக்குமே சொத்து என்று வாதாடிக்கொண்டு போகிறவர், நடுவில் கல்யாணத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தார். காரணவர்கள் கூடிப் பேசி முடிப்பது கல்யாணம் ஆகாது, பெண்ணின் சம்மதம் இல்லாவிட்டால் அது வெறும் பந்தல் செலவு என்று.

அந்த ஒரு பத்தியை வைத்துத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன்.

டெலிபோனில் பிடித்த மாப்பிள்ளை

அப்போது நான் நாகர்கோவிலில் டெலிபோன் ஆபரேட்டர். ஞானதாஸ் லைன்மேன். போஸ்ட் கம்பத்தில் ஏறி, கையிலிருக்கும் போனை மாட்டி, "ஹலோ, லைன் கிளியரா?" என்று கேட்பார். "கிளியர்" என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டியதுதான் என் வேலை. நாங்கள் வைக்கவில்லை. மழைக்காலத்தில் தென்னை விழுந்து லைன் அறுந்தால் ஊருக்கெல்லாம் கஷ்டம், எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம்.

அவருக்கு மயிலாடிப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடம் வந்த காலத்திலேயே கிறிஸ்தவர்களான குடும்பம். சாதியும் வேறு, கோயிலும் வேறு. விஷயம் வெளியே வந்த அன்று சாயங்காலமே என் தாய்மாமன்மார் மூன்று பேரும் தாழக்குடிக்கு வந்து இறங்கிவிட்டார்கள்.

அப்பா தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர். அதிகம் பேசாத மனிதர். ஆனால் என்னிடம் மட்டும் பேசுவார். பேசுவார் என்ன, வாதாடுவார். பேப்பர் செய்தி, கோயில் நடை திறக்கிற நேரம், சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா, எதை எடுத்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் ஓடும். அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மாமன்மார்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பூஜை அறைக்குப் போய் நோட்டீஸை எடுத்து வந்தேன். எல்லோருக்கும் நடுவில் அந்தப் பத்தியைச் சத்தமாக வாசித்து, அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"இது ஒங்க அப்பா எழுதினதுதானே? நோட்டீசு ஊருக்கு மட்டுந்தானா? நமக்கு இல்லியா?"

மாமன்மார் அப்பாவின் பக்கம் திரும்பினார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். நோட்டீஸைத் தொடவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

பதினோரு நாள் பேச்சு இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "நடக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

பதிவு அலுவலகத்துக்கு வந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எங்கள் வீட்டுக்கும் வருவார், போவார், பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் என்னிடம் வாதாடுவது மட்டும் அன்றோடு நின்றுபோனது. நான் எதைச் சொன்னாலும் "செரி மக்கா" என்பார். வேண்டுமென்றே தப்பாக ஏதாவது சொல்லிப் பார்ப்பேன். அதற்கும் "செரி மக்கா"தான். சாகும்வரை அப்படியே இருந்தார்.

வெளியே நான் இதை வெற்றிக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாண வீடுகளில், ஆபீஸ் பிரிவுபசாரங்களில், கடைசியில் இந்தப் பத்திரிகையிலும். 'அப்பாவிடம் பதில் இல்லை' என்று பெருமையாக எழுதினேன். உள்ளுக்குள் வேறு. மச்சினன்மார் முன்னால், பெற்ற தகப்பனின் எழுத்தை வைத்தே ஒரு மனிதரின் வாயை அடைத்துவிட்டேன், அதன்பிறகு அவர் என்னிடம் வாயே திறக்கவில்லை என்ற எண்ணம் என்னை விட்டுப் போனதே இல்லை. அந்த எழுத்தாவது சத்தியம் என்பது ஒன்றுதான் எனக்கு இருந்த ஆறுதல்.

கடிதம்

அந்த ஆறுதலுக்கும் வேட்டு வைக்கிற மாதிரி பத்திரிகை அலுவலகம் வழியாக ஒரு கடிதம் வந்தது. குண்டு குண்டான எழுத்து. நான்கே வரி. நீங்கள் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. தாழக்குடி நீலகண்ட பிள்ளை அடித்த வேறொரு நோட்டீஸ் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது மருமக்கள்வழிதான் வேண்டும் என்று எழுதியது. போனில் பேச இஷ்டமில்லை, நேரில் வாருங்கள். இப்படிக்கு மைமூன் பீவி, குளச்சல்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. யார் இந்த மைமூன், என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல? கோபம் இரண்டு நாளில் வடிந்தது. மிஞ்சியது பயம். தாத்தா கூப்பிட்ட கூட்டத்துக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற ஆளா? காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சியா? அப்படியானால் நான் அப்பாவின் முன்னால் வைத்தது என்ன? ஒரு பொய்யை வைத்தா அவர் வாயை அடைத்தேன்?

என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவரு எந்தக் கட்சியா இருந்தா நமக்கென்ன? கல்யாணம் முடிஞ்சு வருசம் நாப்பத்தஞ்சு ஆச்சு. இனி எவன் வந்து கேசு போடப் போறான்?"

"ஒமக்கு வெளையாட்டு."

"வெளையாட்டு இல்ல. ஒங்க தாத்தா சொத்து மகனுக்கா மருமகனுக்கான்னு நோட்டீசு அடிச்சாரு. அதுக்கு எவ்வளவோ முந்தியே எங்க கூட்டத்துப் பொம்பளையோ மாரை மறைச்சுத் தோள்சீலை போட்டதுக்காக ரோட்டுல அடி வாங்கியாச்சு. ஒங்க தாத்தாவுக்க நோட்டீசுல அதப் பத்தி ஒரு வரி உண்டா?"

இல்லை. எனக்கு அது தெரியும். பன்னிரண்டு பக்கத்தையும் அதற்காகவே ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கிறேன். தன் வீட்டு அநியாயம் கண்ணில் பட்டவருக்கு அடுத்த தெருவில் நடந்தது படவில்லை. இதைச் சொல்லாமல் தாத்தாவைச் சீர்திருத்தவாதி என்று நான் எழுதியது பாதி உண்மைதான். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

மனிதர் அதோடு விட்டுவிட்டார். வெண்டைக்காயைத் தட்டில் தள்ளிவிட்டு, "செரி, வா, போயி பாத்துருவோம். நீ ஒறங்காம உருண்டுட்டே கெடந்தா எனக்கும்லா ஒறக்கம் போவுது" என்றார்.

எங்கள் பழைய காரில் இரணியல் வழியாகக் குளச்சல் போய்ச் சேர்ந்தோம். வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நீங்க பேசுங்க. நான் மீன் பாத்துட்டு வாறேன்" என்று துறைமுகத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

'ப'வும் 'சு'வும்

பாதிச் சாயா குடித்த பிறகுதான் மைமூன் கையை எடுத்தார். நான் உறையிலிருந்து மெதுவாக வெளியே எடுத்தேன். எட்டுப் பக்கம். ஓரமெல்லாம் பழுத்து, மடிப்பில் கிழிந்திருந்தது. அதே மாதிரி காகிதம், அதே மாதிரி எழுத்து.

மருமக்கள்வழி போனால் நாஞ்சில் நாடே பாழாகும் என்று தொடங்கி, மனைவி என்பவள் வீட்டுக்கு வந்த விருந்தாளி, விருந்தாளி பாத்திரத்தைக் கேட்கலாமா என்று போகிறது. பிள்ளைகளைத் தூண்டிவிடுவதே அம்மாமார்தான் என்று ஒரு பக்கம் முழுக்க ஏச்சு. பெண்ணிடம் சம்மதம் கேட்பது, பசுவிடம் கேட்டுவிட்டுத் தொழுவத்தில் கட்டுவதைப் போல என்று ஓரிடத்தில். நல்ல கெட்டிக்காரத்தனமான எழுத்து. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். கையொப்பம்: ப. நீலகண்ட பிள்ளை.

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "மைமூன், இது எங்க தாத்தா இல்ல! எங்க தாத்தா சு. நீலகண்ட பிள்ளை. அவருக்க அப்பா பேரு சுப்பிரமணிய பிள்ளை. இது ப போட்டிருக்கு. இது வேற ஆளு!"

நீலகண்ட பிள்ளை என்ன அபூர்வமான பெயரா? அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இருந்திருப்பார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்தேன். சிப்ஸை எடுத்து வாயில் போட்டு, "கொள்ளாமே, வீட்ல போட்டதா?" என்று கேட்டேன். இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டாரே பாவம் என்று மைமூன்மேல் பரிதாபம்கூட வந்தது.

மைமூன் நான் மென்று முடிக்கிறவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்க தாத்தாவுக்க காரணவரு பேரு என்ன?"

"பத்மநாப பிள்ளை" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அடுத்த சிப்ஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

எங்கள் குடும்பங்களில் அப்போது ஆணின் பெயருக்கு முன்னால் நின்றது தகப்பன் பெயரின் எழுத்து இல்லை; தாய்மாமனின் எழுத்து. காரணவருக்கு வாரிசு யாரோ அவன்தானே காரணவரின் எழுத்தைச் சுமக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் நான் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் அப்பா பெயரின் எழுத்து. மாமன் எழுத்து என்று ஒன்று இருந்ததே என் புத்தியில் எட்டவில்லை. தாத்தாவின் கட்சி தோற்றுப்போயிருந்தால் எனக்கு இந்தத் தப்பு நேர்ந்திருக்காது. பின்னால் சட்டமே மாறி அவர் ஜெயித்ததால் வந்த வினை.

"ஒரே ஆளுதான் அக்கா" என்றார் மைமூன். "ப போட்டப்பம் மாமனுக்க பிள்ளை. சு போட்டப்பம் அப்பனுக்க பிள்ளை."

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க அப்பா சொன்னாருல்லா."

"எங்க அப்பாவா?"

"பின்னே? இத இங்க கொண்டாந்து தந்ததே அவருதானே."

ஊறப்போட்ட அரிசி

மைமூனின் வாப்பாவுக்குக் குளச்சலில் கயிறும் வலையும் விற்கிற கடை. அப்பா கல்குளம் தாலுகா ஆபீசில் இருந்த காலத்தில் பழக்கம். மைமூன் அப்போது பிரசவத்துக்குத் தாய் வீடான இதே வீட்டுக்கு வந்திருந்தார். "மூத்தவன் வயித்துல. நடக்கவும் முடியல்ல, ஒறங்கவும் முடியல்ல. பெரியவங்க பேசுகதக் கேட்டுட்டு இருக்கதுதான் வேலை. அதனால ஒண்ணும் மறக்கல்ல" என்றார். ஜன்னலோரம் இருந்த நாற்காலியில்தான் அப்பா உட்கார்ந்திருந்தாராம்.

அப்பா அன்று சொன்ன கதை இது. தாத்தா இளவட்டமாக இருந்தபோது காரணவர் வீட்டில்தான் இருந்தார். மாமன் சோறு, மாமன் வயல், நாளைக்கு எல்லாம் தனக்குத்தான். அந்த வயதில் எழுதியது முதல் நோட்டீஸ். சில வருடங்களில் பத்மநாப பிள்ளை இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மாமி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து தாத்தாவின் கையில் தந்துவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

முற்றம் தாண்டியவள் திரும்பி நின்று, "தோசைக்கு அரிசி ஊறப் போட்டிருக்கு. மறக்காம அரைக்கச் சொல்லு" என்றாளாம்.

காலையில் பழக்கதோஷத்தில் ஊறப் போட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீடு தன் வீடு இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

யாரும் அரைக்கவில்லை. அரிசி புளித்து, அந்த வாசனை அடுக்களையை விட்டுப் போக நாலைந்து நாள் ஆயிற்றாம். தாத்தாவால் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அதற்கடுத்து அவர் அச்சடித்த நோட்டீஸில் 'ப' இல்லை. 'சு' இருந்தது.

மாமியைத் திரும்ப அழைத்து வந்தாரா? மைமூனுக்குத் தெரியவில்லை. அழைத்து வந்தார் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியாததை எழுதி ஏற்கனவே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

எனக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. தாத்தா இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தவர் இல்லை. தப்பாக எழுதினார், கண்ணால் பார்த்தார், மாற்றி எழுதினார். சாணித் தண்ணீர்க் கதையைவிட எனக்கு இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. அப்பாவின் முன்னால் நான் வைத்தது பொய் இல்லை.

அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள்

மீதிப் பாரம் அப்படியே இருந்தது. "அப்பா இத எப்பம் கொண்டாந்தாரு?" என்று கேட்டேன்.

"ஒங்க கல்யாணத்துக்கு முன்னாலயாக்கும். நீங்க நோட்டீசு வாசிச்சுக் காட்டி நாலஞ்சு நாளு இருக்கும்."

மைமூன் அப்பா பேசியதை அப்பா பேசுகிற மாதிரியே சொன்னார். கண்ணை மூடினால் அப்பாவின் குரல்தான்.

"'எனக்க மவ எங்க அப்பாவுக்க நோட்டீசு ஒண்ண எடுத்து என் முன்னால வச்சுட்டா. மத்த நோட்டீசு இதாக்கும், எனக்க பெட்டிக்குள்ள கெடந்துது. அத எடுத்து வச்சா அவளுக்க வாதம் அங்கினயே தீந்துது' அப்படின்னாரு. வாப்பா கேட்டாவ, 'அப்பம் வைக்க வேண்டியதுதானே ஓய்'னு. அதுக்கு ஒங்க அப்பா, 'வைக்கப்பிடாது. வச்சா நான் ஜெயிச்சிருவேன்'னாரு."

மைமூன் அப்பாவின் குரலிலேயே தொடர்ந்தார்.

"'அவ சொல்லுகதுதான் ஞாயம். எனக்கு அது தெரியும். ஆனா கோவம்னு ஒண்ணு இருக்குல்லா. மச்சினன்மாரு தெனமும் வந்து ஏத்தி விடுதானுவ. இது வீட்ல கெடந்தா ஒரு நாளு எடுத்து அவ மூஞ்சிக்கு நேர நீட்டிருவேன். கிழிச்சுப் போடவும் மனசு வரல்ல, எங்க அப்பனுக்க எழுத்தாக்கும். நீரு வச்சுக்கிடும்' அப்படின்னு சொல்லிட்டு, சாயா கூடக் குடிக்காம எழும்பிப் போயிட்டாரு."

"பிறவு வந்தாரா?"

"வருவாரு. ஒரு நாளு வாப்பா, 'கல்யாணம் நல்லபடி முடிஞ்சு பிள்ளையளும் ஆச்சு, இனி இத எடுத்துட்டுப் போவும்'னு சொன்னாவ. 'வேண்டாம் ஓய். இப்பமும் எனக்குப் பயந்தான். மவகிட்ட வாதத்துக்கு நிக்கதையே விட்டுட்டேன். வாய்க்கு வாய் பேசும்போது எப்பமாவது தவறி இதச் சொல்லிட்டேன்னா, அவ கல்யாணத்துக்கே சந்தேகம் வந்துரும்லா' அப்படின்னாரு."

நான் அழுதேன். சாப்பாட்டு மேஜையில், முன்பின் பார்த்திராத ஒருவர் வீட்டில், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். நாற்பத்தைந்து வருடமாகத் தோற்றுப்போன மனிதரின் மௌனம் என்று நான் நினைத்திருந்தது, வாயைத் திறந்தால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்த ஒருவரின் மௌனம். ஒவ்வொரு "செரி மக்கா"வுக்கும் பின்னால் அவரிடம் எட்டுப் பக்கம் இருந்திருக்கிறது. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. சாம்பார் வெல்ல விஷயத்தில்கூடப் பயந்திருக்கிறாரே!

மைமூன் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் இரக்கமெல்லாம் இல்லை, கோபம்தான்.

"அப்பாட்ட பதில் இல்லன்னு எழுதியிருந்தியளே, அத வாசிச்சப்பம் எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. கடிதத்துல தப்புன்னு நான் சொன்னது அதத்தான். ஒங்க தாத்தா எந்தக் கட்சின்னா எனக்கென்ன? பதில எங்க வீட்டு அலமாரியில வச்சுட்டுல்லா அந்த மனுசன் சும்மா இருந்தாரு."

அந்த வரியை நான் இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மைமூனிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். நோட்டீஸை எடுத்துப் போகச் சொன்னார். வேண்டாம், நீங்களே வைத்திருங்கள், அப்பா வைக்கச் சொன்ன இடத்திலேயே இருக்கட்டும் என்று உறைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாசலில் ஹாரன் சத்தம். என் வீட்டுக்காரர் பின்சீட்டில் ஒரு பை நிறைய சாளை மீனோடு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்ன, தாத்தா மாட்டிக்கிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.

போகிற வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, மச்சினன்மார், வைத்தால் ஜெயித்துவிடுவேன் என்றது, எல்லாம். திங்கள்சந்தை வருவதற்குள் சொல்லி முடித்திருந்தேன். அவர் வண்டியை ஓரமாக ஒரு ரப்பர் தோட்டத்துப் பக்கம் நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார்.

"அப்பம் நான் நீ வாதாடி ஜெயிச்செடுத்த மாப்பிள்ள இல்லியா?"

"இல்ல."

"ஒங்க அப்பா தெரிஞ்சே தந்த மாப்பிள்ளையாக்கும்."

"ஆமா."

இந்த மனிதர் அப்பா உயிரோடு இருந்தவரை அவரை நேரில் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். என்னிடம் பேசும்போது 'ஒங்க அப்பா'. அழையாத வீட்டுக்குள் புகுந்துவிட்டவர் மாதிரி அப்பாவின் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். நானும் அதை மாற்றச் சொன்னதில்லை.

இப்போது சிரித்தார். சாவியைத் திருகிக்கொண்டே, "ஏட்டி, மாமா நம்ம ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்திட்டாரே" என்றார்.

அவர் என் அப்பாவை மாமா என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.